மூளைக்கு மருந்து தேடும் வேதியியலர்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரம்பியல் நோய்களுக்கான புதிய மருந்துகளைத் தேடும் ஆய்வகங்களில் பணியாற்றிய மருந்து வேதியியலர் என்பதால், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பகுதி மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கல்லூரிக் கூட்டங்களில் ஒரு விதமாகவும் கல்யாண வீட்டுப் பந்தியில் வேறு விதமாகவும் கேட்கப்பட்டாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

மருந்து வேதியியலர் என்பவர் யார்? மருந்துக் கடை வைப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. மருந்துக் கடையில் இருப்பவர் மருந்தாளுநர்; ஏற்கெனவே சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்ற மருந்தை நோயாளியிடம் சரியாகக் கொண்டுசேர்ப்பது அவருடைய பொறுப்பு. மருந்து வேதியியலரின் வேலை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது. உடலில் உள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தின்மீது செயல்படக்கூடிய மூலக்கூற்றை அவர் தாளில் வரைகிறார், ஆய்வகத்தில் உருவாக்குகிறார், உயிரியலர்கள் அதைச் சோதித்துத் தரும் எண்களைப் பார்த்து ஓர் அணுவையோ ஒரு வளையத்தையோ மாற்றி மறுபடியும் உருவாக்குகிறார். நம் மாவட்டத்தில் வேதியியல் பட்டம் என்றால் மணவாளக்குறிச்சி மணல் ஆலை, ரப்பர் தொழில், பள்ளி ஆசிரியர் பணி ஆகிய மூன்றும்தான் பெற்றோர் மனத்தில் முதலில் வருகின்றன. இந்த நான்காவது வழியைப் பற்றிப் பேச ஆள் குறைவு என்பதே இதை எழுதக் காரணம்.

மூளை நோய்க்கு நரம்பியல் மருத்துவர் போதாதா? வேதியியலருக்கு அங்கே என்ன வேலை?

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது பெரும்பாலும் வேதிப்பொருள்கள் வழியாகத்தான். டோபமைன், செரடோனின், குளூட்டமேட், காபா போன்ற கடத்திகளை ஒரு நரம்பணு வெளியிடுகிறது. அடுத்த நரம்பணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிப் புரதங்கள் அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. பிடிக்கும் இடத்தின் வடிவம் தெரிந்தால், அந்த இடத்தை நிரப்பவோ அடைக்கவோ கூடிய மூலக்கூற்றை வடிவமைக்கலாம் என்பதே இத்துறையின் அடிப்படை.

ஓர் அணு எவ்வளவு செய்யும் என்பதற்கு நான் மாணவர்களிடம் சொல்லும் எடுத்துக்காட்டு குளோர்ப்ரோமசீன். 1950 டிசம்பரில் பிரான்சில் ரோன்-பூலாங்க் நிறுவனத்தின் வேதியியலர் பால் சார்பென்டியே, ப்ரோமசீன் என்ற மூலக்கூற்றில் ஒரு குளோரின் அணுவைச் சேர்த்து இதை உருவாக்கினார். 1952இல் பாரிசில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்ற மனநல மருத்துவர்கள் இதைக் கடுமையான மனநோய் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பூட்டிய அறைகளும் குளிர்ந்த நீர்க் குளியலும் சிகிச்சையாக இருந்த காலத்தில் மாத்திரையால் மனநோயின் அறிகுறிகளைக் குறைக்க முடியும் என்பது தெரியவந்தது. அந்த மூலக்கூறு ஏன் வேலை செய்தது, அது டோபமைன் ஏற்பிகளை அடைக்கிறது என்பதெல்லாம் பின்னால் வந்த விளக்கங்கள். இத்துறையில் மருந்து முதலில் வந்து விளக்கம் பின்னால் வந்தது பலமுறை நடந்திருக்கிறது.

மூளைக்குள் மருந்தைச் செலுத்துவது மட்டும் ஏன் அவ்வளவு கடினம்?

இரத்தத்தில் கலந்த மருந்து கல்லீரலுக்கும் தசைக்கும் எளிதாகப் போய்ச் சேர்கிறது. மூளையில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களோ இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கின்றன. இதைத்தான் இரத்த-மூளைத் தடை என்கிறோம். மூலக்கூறு சிறியதாகவும் ஓரளவு கொழுப்பில் கரைவதாகவும் இருந்தால் அந்தச் செல்களின் சவ்வு வழியாகவே ஊடுருவிச் செல்லலாம். நீரை இழுத்துப் பிடிக்கும் அணுத்தொகுதிகள் அதில் கூடக்கூட அந்த வாய்ப்புக் குறைகிறது.

அப்படி உள்ளே போனாலும் முடிந்துவிடுவதில்லை. அந்தச் செல்களில் பி-கிளைக்கோபுரதம் என்ற ஒரு வெளியேற்றும் புரதம் இருக்கிறது. பேருந்தில் ஏறிய ஆளைச் சீட்டு இல்லை என்று அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கிவிடும் நடத்துநரைப் போல, தனக்கு ஒவ்வாத மூலக்கூறுகளை அது இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கப்படும் லோபரமைடு வேதியியல்படி ஓர் ஓபியாய்டு, அதாவது மார்பின் செயல்படும் அதே ஏற்பிகளில் செயல்படும் பொருள். ஆனாலும் வழக்கமான அளவில் அது போதை தருவதில்லை. குடலில் வேலை செய்துவிட்டு, மூளையின் வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறது.

இதை நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே பார்க்கலாம். ஒவ்வாமைக்கு அவில் மாத்திரை போட்டவருக்குத் தூக்கம் கண்ணைக் கட்டும். செட்ரிசின் போட்டவருக்கு அந்த அளவு வராது. இரண்டும் ஹிஸ்டமின் ஏற்பியைத்தான் அடைக்கின்றன. செட்ரிசினில் உள்ள கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி அதை மூளைக்குள் அதிகம் போகவிடுவதில்லை. ஒவ்வாமை மருந்து செய்பவருக்கு இது நல்ல செய்தி. மூளை மருந்து செய்பவர் அதே தொகுதியைத் தன் மூலக்கூற்றிலிருந்து எப்படி நீக்குவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வாயால் உட்கொள்ளும் மருந்துகளுக்குக் கிறிஸ்டோபர் லிப்பின்ஸ்கி 1997இல் வகுத்த ஐந்தின் விதி பாடப்புத்தகங்களில் இருக்கிறது: மூலக்கூறு எடை 500க்கு மேல் போனால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. மூளை மருந்துகளுக்கு இதைவிடக் கண்டிப்பு தேவை. 2010இல் ஃபைசர் நிறுவனத்து வேதியியலர்கள் கொழுப்பில் கரையும் தன்மை, எடை, காரத்தன்மை முதலான ஆறு பண்புகளை ஒவ்வொன்றும் ஒரு மதிப்பெண்ணாகக் கூட்டி, ஆறுக்குக் குறைந்தது நான்கு வாங்கும் மூலக்கூறுகளே மேலே கொண்டுபோகத் தக்கவை என்ற அளவுகோலை முன்வைத்தார்கள். பயனுள்ள அளவுகோல்தான். ஆனால் மதிப்பெண்ணுக்காகவே மூலக்கூறு வரையும் பழக்கம் இளைஞர்களிடம் வந்துவிடுகிறது. அதை நான் விரும்புவதில்லை.

ஒரு மருந்து வேண்டிய இடத்தில் மட்டும் வேலை செய்யும்படி எப்படிச் செய்கிறார்கள்?

பல்வலிக்குக் கிராம்பை வைத்துக் கடிப்பது நம் வழக்கம். மாறாமலை, வேளிமலைப் பகுதிகளில் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கிராம்பில் உள்ள யூஜினால் நரம்பிழைகளின் சோடியம் வாயில்களை (மின்சைகை எழுவதற்குச் சோடியத்தை உள்ளே விடும் புரதங்களை) அடைத்து மரத்துப்போகச் செய்கிறது. பல் மருத்துவர் போடும் லிடோகெய்ன் ஊசியும் அப்படியே. இவை எந்த வாயில் என்று பார்ப்பதில்லை. போட்ட இடத்தில் எல்லாவற்றையும் அடைக்கின்றன. அதனால்தான் அவற்றை அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மனித உடலில் இத்தகைய சோடியம் வாயில்கள் ஒன்பது வகை. அவற்றுள் ஐந்தாவது வகை இதயத்தில் இருக்கிறது. அதை அடைத்தால் ஆபத்து. ஒன்று, இரண்டு, ஆறு ஆகியவை மூளையில் முக்கியமானவை. எட்டாவது வகை பெரும்பாலும் வலியை எடுத்துச்செல்லும் புற நரம்புகளில் மட்டும் இருக்கிறது. அந்த எட்டாவதை மட்டும் அடைக்கும் மூலக்கூற்றைத் தேடிப் பல நிறுவனங்கள் நெடுங்காலம் உழைத்தன. 2025 ஜனவரியில் சுசெட்ரிஜின் என்ற மருந்து கடுமையான குறுகியகால வலிக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. போதை தராத வலிமருந்து என்று செய்தித்தாள்கள் எழுதின. ஒன்பது சகோதரப் புரதங்களில் ஒன்றை மட்டும் அடையாளம் காணும்படி ஒரு மூலக்கூற்றைச் செதுக்கியதுதான் அதில் உள்ள வேதியியல் சாதனை என்பது என் எண்ணம்.

நம் மலைகளில் இவ்வளவு மூலிகைகள் இருக்கின்றனவே, அவற்றிலிருந்தே மூளைக்கு மருந்து எடுக்க முடியாதா?

பொற்றையடி மருந்துவாழ் மலையைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்தக் கேள்வி வரும், எனக்கும் வந்தது. எடுத்திருக்கிறார்கள் என்பதே விடை. ஆனால் எடுத்த விதம் நாம் நினைப்பதுபோல் இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலை உள்பட நாட்டின் பல காடுகளில் வளரும் சர்ப்பகந்தியின் வேரை மனக்கலக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்தார்கள். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் அதன் பயனைப் பற்றி எழுதினார்கள். அதே ஆண்டில் தில்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி அதிலிருந்து அஜ்மலின் உள்ளிட்ட அல்கலாய்டுகளை, அதாவது தாவரங்களில் உள்ள நைட்ரஜன் கொண்ட காரப்பொருள்களை, பிரித்தார். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் இரத்த அழுத்த நோயாளிகளிடம் கண்ட பலனைப் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் வெளியிட்ட பிறகே மேலைநாடுகளின் கவனம் திரும்பியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற அல்கலாய்டைப் பிரித்தெடுத்தது.

ரெசர்பின் மருந்தாகச் சில காலம் பெரும் புகழோடு இருந்தது. பக்கவிளைவுகள் காரணமாகவும் நல்ல மாற்று மருந்துகள் வந்ததாலும் பின்வாங்கியது. அதன் உண்மையான பங்களிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. நரம்பணுக்கள் டோபமைன் போன்றவற்றைச் சேமித்துவைக்கும் சிறு பைகளுக்குள் அவற்றை ஏற்றும் புரதத்தை ரெசர்பின் முடக்கிவிடுகிறது, சேமிப்பு வறண்டுபோகிறது. 1957இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்து அசைவற்றுப்போன விலங்குகளுக்கு, உடலில் டோபமைனாக மாறும் டோபா என்ற பொருளைச் செலுத்தியபோது அவை மீண்டும் எழுந்து நடமாடின. டோபமைன் தன்னளவிலேயே ஒரு கடத்தி என்பது அங்கிருந்து தெளிவானது. 1960இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச், கைகால் நடுக்கமும் இறுக்கமும் தரும் பார்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் மிகக் குறைந்திருப்பதைக் காட்டினார். 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் டோபாவின் இயற்கை வடிவமான எல்-டோபாவைப் படிப்படியாக உயர்த்திக் கொடுத்து நோயாளிகளை நடக்கவைத்தார். கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1937இல், நம் பகுதி இன்னும் திருவிதாங்கூரில் இருந்தபோது, சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், இராமசுவாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். பார்கின்சனுக்கும் டோபமைனுக்கும் உள்ள உறவு அப்போது உலகில் யாருக்கும் தெரியாது. பொருள் கையில் இருந்தது. அதைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இருபது ஆண்டுகள் கழித்து, இன்னொரு செடி வழியாக வந்து சேர்ந்தது. மூலிகைப் பட்டியலை வைத்துக்கொண்டு மருந்து தேடுபவர்களிடம் நான் வற்புறுத்துவது இதைத்தான்: செடி எந்த நோயைத் தீர்க்கும் என்று கேட்பதைவிட, அதில் உள்ள மூலக்கூறு உடலில் எதைத் தொடுகிறது என்று கேட்டவர்களே தொலைவு போயிருக்கிறார்கள். ரெசர்பின் தொட்ட அதே புரதத்தை இலக்காகக் கொண்ட டெட்ராபெனசீன் இன்று ஹண்டிங்டன் நோயின் கட்டுக்கடங்காத அசைவுகளுக்குக் கொடுக்கப்படுகிறது. அதன் சில ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பதில் எடை கூடிய ஹைட்ரஜனான டியூட்டீரியம் வைத்து, உடலில் மெதுவாகச் சிதையும்படி செய்த வடிவம் 2017இல் ஒப்புதல் பெற்றது. டியூட்டீரியம் ஏற்றிய மருந்துகளில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுவே.

வயல் வரப்பில் வளரும் நீர்ப்பிரம்மியைப் பற்றியும் கேட்கிறார்கள். நினைவாற்றல் தொடர்பாக அதில் பேசப்படும் பாகோசைடுகளின் மூலக்கூறு எடை 900ஐ ஒட்டியது. சர்க்கரைத் தொகுதிகள் வேறு தொங்குகின்றன. அப்படியே மூளைக்குள் நுழையும் வடிவம் அல்ல அது. குடலில் உடைந்த துண்டுகள் வேலை செய்கின்றனவா என்று தேடுவது நல்ல ஆய்வுத் தலைப்பு. தேர்வுக்கு முந்தைய வாரம் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு அது ஆதாரம் ஆகாது.

மலையில் செடி பறித்து ஆய்வு செய்ய அனுமதி வேண்டுமா?

வேண்டும். வனப்பகுதிகளில் பறிக்க வனத்துறையின் அனுமதி தேவை. சர்ப்பகந்தி பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. உயிரியல் வளங்களை வணிக நோக்கில் பயன்படுத்துவதையும் பலனைப் பகிர்வதையும் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது.

சட்டத்துக்கு முன்பே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1987இல் அகத்திய மலையில் ஆய்வுக்குச் சென்ற விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் ஒரு சிறு செடியின் காயைத் தின்றபடி களைப்பின்றி நடப்பதைக் கவனித்தார்கள். அந்த ஆரோக்கியப்பச்சையை அடிப்படையாகக் கொண்டு பாலோடு தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையிலும் வருவாய்ப் பங்கிலும் பாதியைக் காணி மக்களின் அறக்கட்டளைக்குக் கொடுக்க ஏற்பாடானது. உலக அளவில் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட ஏற்பாடு அது. காணி மக்கள் நம் பேச்சிப்பாறைப் பக்கமும் வாழ்கிறார்கள். அவர்களிடம் கேட்டறிந்து ஆய்வு செய்பவர் ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு வரி எழுதுவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

ஆய்வகத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்?

பெரும்பாலும் நின்றுகொண்டே. காலையில் முதல் வேலை, இரவு முழுவதும் கலக்கப்பட்டுக்கொண்டிருந்த வினையைப் பார்ப்பது. சிலிக்கா பூசிய விரலளவுத் தகடு ஒன்றில் கீழிருந்து சற்று மேலே பென்சிலால் கோடு கிழித்து, ஊசிமுனை போன்ற கண்ணாடிக் குழாயால் மூன்று புள்ளிகள் வைப்போம்: இடப்பக்கம் தொடக்கப் பொருள், வலப்பக்கம் வினைக்கலவை, நடுவில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று. ஹெக்சேனும் எத்தில் அசிட்டேட்டும் கலந்த கரைப்பானில் தகட்டை நிறுத்தினால் கரைப்பான் மேலேறும்போது புள்ளிகளும் வெவ்வேறு உயரத்துக்கு ஏறும். பின்பு புறஊதா விளக்கின் கீழே பிடித்தால் பச்சையாக ஒளிரும் தகட்டில் கருநிறப் புள்ளிகள் தெரியும். அவற்றைப் பென்சிலால் வட்டமிட்டுக் குறிப்பேட்டில் வரைந்துகொள்வோம். தொடக்கப் பொருளின் உயரத்தில் வலப்பக்கம் எதுவும் இல்லையென்றால் வினை முடிந்தது. அங்கே ஐந்தாறு புள்ளிகள் ஏணிபோல் நின்றால் அன்றைய பொழுது அவற்றைப் பிரிப்பதிலேயே போய்விடும்.

பிறகு கழுவுதல், உலர்த்தல், சிலிக்கா நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயில் பிரித்தல், கரைப்பானை ரோட்டாவில் (குடுவையைச் சுழற்றி ஆவியாக்கும் கருவியில்) இழுத்தல், காந்தப்புலத்தில் அணுக்களின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் எடுத்து வடிவத்தை உறுதி செய்தல். நினைத்த பொருள் கிடைத்தால் சில மில்லிகிராம்களைக் குப்பியில் இட்டு உயிரியல் குழுவுக்கு அனுப்புவோம். எண்கள் வரும். பத்து மடங்கு வீரியம் கூடியிருக்கும், ஆனால் கல்லீரல் நொதிகள் அதைச் சில நிமிடங்களில் சிதைத்திருக்கும். சிதைவைத் தடுக்க ஃப்ளூரின் ஒன்றைச் சேர்த்தால் இதயத் துடிப்பின் சீருக்குத் தேவையான ஹெர்க் என்ற பொட்டாசியம் வாயிலை அது பிடித்துக்கொள்ளும். ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று கெடுவதே வழக்கம். எனக்கு இந்த இழுபறிதான் இத்தொழிலின் சுவை. எல்லோருக்கும் அப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

இந்த வேலை ஆபத்தானதா?

விதிகளைக் கடைப்பிடித்தால் இல்லை. கடைப்பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இத்துறையின் சொந்த வரலாற்றிலேயே ஒரு நிகழ்வு உண்டு. 1982இல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரெனப் பார்கின்சன் நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களைப்போல உறைந்துபோய் மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்கள் ஊசி போட்டுக்கொண்ட கள்ளப் போதைப்பொருளில், தயாரிப்பில் நேர்ந்த கவனக்குறைவால் எம்பிடிபி என்ற மாசு கலந்திருந்தது என்பதை நரம்பியலர் வில்லியம் லாங்ஸ்டன் குழு கண்டறிந்தது. மூளைக்குள் நுழைந்த எம்பிடிபியை அங்குள்ள ஒரு நொதி நஞ்சாக மாற்றுகிறது. டோபமைன் நரம்பணுக்கள் அந்த நஞ்சைத் தாங்களே உள்ளிழுத்துக்கொண்டு மடிகின்றன. கொழுப்பில் எளிதில் கரையும் சிறிய அமீன் எதைக் கையாண்டாலும், அது மூளைக்குப் போகக்கூடியது என்ற எண்ணத்தோடு கையுறையும் காற்றிழுப்புப் பெட்டியும் பயன்படுத்த வேண்டும் என்று புதியவர்களுக்குச் சொல்வது இதனால்தான். பின்னாளில் பார்கின்சன் ஆய்வுக்கு விலங்கு மாதிரிகளை உருவாக்க இதே எம்பிடிபி பயன்பட்டது.

ஒரு மருந்து வர எத்தனை ஆண்டு ஆகும்? வராமலே போனால் உழைப்பு வீண்தானே?

இலக்கைத் தேர்ந்தெடுப்பது முதல் கடைக்கு வருவது வரை 10 முதல் 15 ஆண்டுகள் என்பது பொதுவான கணக்கு. மனிதர்களில் சோதனை தொடங்கிய மருந்துகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றே ஒப்புதல் பெறுகிறது. மூளை மருந்துகளில் நிலைமை இன்னும் மோசம். தம் பணிக்காலம் முழுவதும் தாம் உருவாக்கிய ஒரு மூலக்கூறுகூட மருந்தாகாமல் ஓய்வு பெறும் நல்ல வேதியியலர்கள் ஏராளம். சேர்வதற்கு முன் மாணவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமைலாய்டு என்ற புரதத்துண்டு உருவாகாமல் தடுக்க, பேஸ் என்ற நொதியை அடைக்கும் மூலக்கூறுகளை உலகின் பெருநிறுவனங்கள் பல உருவாக்கின. வேதியியல் அளவில் அவை அருமையான மூலக்கூறுகள்: மூளைக்குள் போயின, நொதியை அடைத்தன, அமைலாய்டு குறைந்தது. ஆனால் 2017 முதல் 2019 வரை அவற்றின் சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டன. நோயாளிகளின் நினைவு மேம்படவில்லை, சில சோதனைகளில் சற்றுக் குறையவும் செய்தது. வேதியியலர் கேட்கப்பட்டதைச் செய்து முடித்தார், கேட்கப்பட்டதுதான் சரியில்லை. அத்தகைய தோல்வியை வீண் என்று நான் எண்ணுவதில்லை. ஆனால் அதைத் தாங்குவது எளிது என்று பொய் சொல்லவும் மாட்டேன்.

நம் நாட்டில் ஐதராபாத்தின் சுவென் நிறுவனம் மூளை மருந்துகளையே குறியாகக் கொண்டு உழைத்துவருகிறது. அதன் மசுபிர்டின் அல்சைமர் நோயாளிகளின் அறிவாற்றலை மேம்படுத்துமா என்று பார்த்த இரண்டாம் கட்டச் சோதனை 2019இல் இலக்கை எட்டவில்லை. அதே நோயாளிகளிடம் காணப்படும் அமைதியின்மைக்கு அது உதவக்கூடும் என்ற குறிப்பைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் கட்டச் சோதனைக்குப் போனார்கள்.

என்ன படிக்க வேண்டும்?

பிளஸ் டூவில் வேதியியல் வேண்டும். உயிரியலும் இருந்தால் நல்லது. அதன்பின் பி.எஸ்ஸி. வேதியியல், எம்.எஸ்ஸி. கரிம வேதியியல் என்பது ஒரு வழி. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி போன்ற நம் கல்லூரிகளிலேயே இதற்கு அடித்தளம் இடலாம். பி.பார்ம். படித்து ஜிபேட் எழுதி, மொகாலி, ஐதராபாத் முதலிய இடங்களில் உள்ள தேசிய மருந்தியல் கல்வி ஆய்வு நிறுவனங்களான நைபர்களில் மருந்து வேதியியலில் முதுகலை பெறுவது இன்னொரு வழி. ஐஐடியில் எம்.எஸ்ஸி. சேர ஜாம் தேர்வு. பிளஸ் டூ முடித்தவுடனே சேர, இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனங்களான ஐசர்களின் ஐந்தாண்டுப் படிப்பு. அவற்றில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே திருவனந்தபுரம் அருகே விதுராவில் இருக்கிறது.

எந்த வழி சிறந்தது என்று கேட்டால், கரிம வேதியியலில் கை தேர்ந்தவர் மருந்தியலைப் பின்னால் கற்றுக்கொள்ள முடியும். மறுபக்கமாகப் போவது கடினம் என்பது என் கருத்து. பி.பார்ம். படித்த நண்பர்கள் இதை ஒப்புவதில்லை.

தமிழ் வழியில் படித்தவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும். வினை வழிமுறையை வளைந்த அம்புகளால் வரையத் தெரிந்தவருக்கு மொழி முதல் ஆண்டுக்குப் பிறகு தடையாக இருப்பதில்லை. ஆய்வுக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் வாசிக்கும் பழக்கத்தை மட்டும் இளங்கலையிலேயே தொடங்கிவிட வேண்டும்.

பிஎச்.டி. கட்டாயமா? படிக்கும்போது பணம் கிடைக்குமா?

ஆய்வுத் திட்டத்தை வழிநடத்த விரும்பினால் இன்றைய நிலையில் கட்டாயம் என்றே கொள்ளலாம். பெங்களூரிலும் ஐதராபாத்திலும் உள்ள ஒப்பந்த ஆய்வு நிறுவனங்கள் எம்.எஸ்ஸி. முடித்தவர்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு வைத்திருக்கின்றன. சில ஆண்டுகள் அங்கே கை பழகிய பின் பிஎச்.டி.க்குப் போகிறவர்களும் உண்டு. 1988இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கெர்ட்ரூட் எலியன் பிஎச்.டி. முடித்தவர் அல்லர். அவருடைய குழு உருவாக்கிய அசைக்ளோவிர், ஹெர்ப்பிஸ் கிருமியால் வரும் மூளை அழற்சியில் இன்றும் உயிர்காக்கும் மருந்து.

சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படி தனியாகவும் உண்டு. தொகை சில மாதம் தாமதமாக வருவதும் உண்டு என்பதால் கையில் கொஞ்சம் வைத்துக்கொள்வது நல்லது.

ஊரை விட்டுப் போகாமல் இதைச் செய்ய முடியுமா?

வேலைக்கு ஐதராபாத், பெங்களூர் போகத்தான் வேண்டியிருக்கும். ஆய்வுப் படிப்புக்கு அவ்வளவு தொலைவு தேவையில்லை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையிலேயே பாப்பனங்கோட்டில் சிஎஸ்ஐஆரின் தேசிய பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நகருக்குள் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையமும், வலிப்பு நோய் சிகிச்சைக்குப் பெயர் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் இருக்கின்றன. தலைவலிக்கும் வலிப்புக்கும் அங்கே நோயாளியாகப் போகும் நம் ஊர்க்காரர்கள், அதே வளாகத்தில் ஆய்வு மாணவராகவும் சேரலாம் என்பதை ஏனோ நினைப்பதில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் வேதியியலர் தேவைப்படுவாரா?

புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக ஹசாபிசும் ஜம்பரும் 2024 வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அந்தக் கருவி எங்கள் வேலையை உண்மையாகவே மாற்றியிருக்கிறது. ஆனால் நுண்ணறிவின் துணையோடு வடிவமைக்கப்பட்டதாக 2020இல் பெரிதாக அறிவிக்கப்பட்டு மனிதச் சோதனைக்குப் போன மூலக்கூறு, மனச்சுழற்சி நோய்க்கானது (ஓசிடி), முதல் கட்டத்தைத் தாண்டவில்லை. எந்த மூலக்கூற்றைச் செய்வது என்று கணினி சொல்லலாம். குடுவையில் பிசினாக உறைந்து நிற்பதை என்ன செய்வது என்று இன்னும் மனிதரிடம்தான் கேட்கிறார்கள்.

வீட்டில் பார்கின்சன் நோயாளி இருக்கிறார். பூனைக்காலிப் பொடி கொடுக்கலாமா?

மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அதில் எல்-டோபா இருப்பது உண்மை. எவ்வளவு இருக்கிறது என்பது விதைக்கு விதை, பொடிக்குப் பொடி மாறும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்கு அளவு கூடிவிட்டால் கட்டுக்கடங்காத அசைவுகளும் மனமயக்கமும் வரலாம். மாத்திரையில் எல்-டோபாவோடு கார்பிடோபாவும் சேர்ந்திருக்கிறது. கார்பிடோபா மூளைக்குள் போகாது. வெளியிலேயே எல்-டோபா டோபமைனாக மாறி வீணாவதையும், அதனால் வரும் குமட்டலையும் தடுப்பதே அதன் வேலை. பொடியில் அந்தத் துணை இல்லை.

மூளை நேரடியாக டோபமைனை உள்ளே விடாது என்பதால்தான் எல்-டோபா கொடுக்கப்படுகிறது. டோபமைனின் மூலக்கூறு எடை 153. எல்-டோபாவின் எடை 197. பெரியதாக இருந்தும் எல்-டோபா உள்ளே போவதற்குக் காரணம், அது ஓர் அமினோ அமிலம். உணவுப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களைக் குடலிலும் மூளையின் வாசலிலும் ஏற்றிச்செல்லும் அதே புரதங்கள் இதையும் ஏற்றிச்செல்கின்றன. ஆகவே மரச்சீனியும் மீன்கறியும் நிறையச் சாப்பிட்ட உடனே மாத்திரை போட்டால், மீனின் அமினோ அமிலங்கள் முந்திக்கொள்ள, மாத்திரை அன்று சரியாகப் பிடிக்கவில்லை என்று நோயாளி சொல்லக்கூடும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு மாத்திரை போடச் சொல்வது இதற்காகத்தான். அப்படிப் போட்டால் குமட்டுகிறது என்பவர்கள் புரதம் இல்லாத சிறு பலகாரம் ஏதாவது எடுத்துக்கொள்ளலாமா என்று தம் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மீனை நிறுத்த வேண்டியதில்லை. எந்த வேளைக்கு எவ்வளவு என்பதை அவரோடு பேசி மாற்றிக்கொண்டால் போதும்.